கையால் செய்த வானொலியும் காலால் நடந்த ஊரும்

சென்னையில் எனக்கு ஒரு நண்பர் உண்டு. அரசாங்க அலுவலகம் ஒன்றில் முப்பது வருஷங்களுக்கு மேல் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். மின்னணுவியலை எந்தக் கலாசாலையிலும் முறையாகப் பயின்றவர் அல்லர். ஆயினும், அவர் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்கும் துணி உலர்த்தும் கொடிக்கும் நடுவே ஒதுங்கி நிற்கும் தகரக் கொட்டகைக்குள் நுழைந்து, பழைய பிஸ்கட் டப்பாக்களில் வகைவகையாகப் பிரித்து வைத்திருக்கும் ரெசிஸ்டர்களையும் கண்டென்சர்களையும் டிரான்சிஸ்டர்களையும் கண்டு, 25 வாட் சோல்டரிங் அயர்னின் நுனியிலிருந்து எழும் பிசின் புகையின் வாசனையையும் ஒரு முறை முகர்ந்தவர்களுக்கு, இந்த மனிதரின் மனம் இத்தனை வருஷங்களும் எங்கே குடியிருந்தது என்பதில் சந்தேகம் தோன்றாது.

அவரிடம் ஒரு வழக்கம். ஒரு கருவியைச் செய்து முடித்தவுடன், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை ஒரு துணிப்பையில் வைத்துக்கொண்டு, கடற்கரைக்கோ, மலைக்கோ, ரயிலேறி ஊருக்கு வெளியே உள்ள ஏதாவது ஒரு பொட்டலுக்கோ புறப்பட்டுவிடுவார். பல வருஷங்களாக அந்தப் பயணங்களில் நானும் உடன் சென்று வந்திருக்கிறேன். வீட்டிலேயே மின்னணுக் கருவிகளைச் செய்து பார்க்கும் இந்தப் பொழுதுபோக்கைப் பற்றி எழுத உட்கார்ந்தபோது, மேஜையைப் பற்றி மட்டும் எழுதினால் பாதி விஷயத்தைச் சொன்னதாகத்தான் ஆகும் என்று எனக்குத் தோன்றியதற்கு அந்தப் பயணங்களே காரணம்.

தொட்டி நிரம்பியவுடன் மோட்டாரை நிறுத்தும் கருவி, மின்சாரம் நின்றால் தானாகவே எரியும் விளக்கு, செடிக்கு ஈரம் குறைந்தால் மணி அடிக்கும் பெட்டி என்று இன்றைய ஆர்வலர்கள் எத்தனையோ செய்கிறார்கள், எல்லாம் உபயோகமானவையே. ஆனால் புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிற யாருக்கும் நண்பர் முதலில் சொல்லிக் கொடுப்பது கிரிஸ்டல் செட் என்னும் மிகப் பழைய வானொலியைத்தான். மின்கலமும் இல்லாமல், மின்சார இணைப்பும் இல்லாமல், நூறு மைல் தூரத்து அலையில் வரும் அற்ப சக்தியை மட்டுமே உண்டு பேசுகிற ஒரு யந்திரத்தைத் தன் கையாலேயே செய்து காதில் வைத்துக் கேட்டவன், அதற்குப் பிறகு எந்த மின்னணுக் கருவியையும் மூடிய பெட்டியாகப் பார்க்க மாட்டான் என்பது அவருடைய உறுதியான அபிப்பிராயம்; என்னுடையதும் அதுவே.

அதன் அங்கங்கள் மிகச் சில. மூன்று அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றின் மேல் எனாமல் பூசிய செப்புக் கம்பியை நெருக்கமாக 50 சுற்றுகள் சுற்றினால் காயில் ஆயிற்று. பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய கேங் கண்டென்சர் ஒன்று வேண்டும். அச்சைத் திருகினால் அதன் அலுமினியத் தகடுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்தும் விலகியும் இயங்கும். பிறகு ஒரு ஜெர்மேனியம் டயோடு, ஒரு ஹெட்போன். மாடியிலிருந்து தென்னை மரத்துக்குக் கட்டிய பதினைந்து மீட்டர் கம்பி ஏரியல்; ஈரமண்ணில் அடித்த இரும்புக் கம்பி எர்த். இன்றைய கைப்பேசிக்கு வரும் இயர்போன் இதற்கு ஒத்துவராது. அதன் மின்தடை சில பத்து ஓம்களே ஆதலால், அலை கொண்டு வரும் சொற்ப சக்தி அதை அசைப்பதற்குள் வீணாகிவிடும். இரண்டாயிரம் ஓம் உள்ள பழைய ஹெட்போனைத் தேடிப் பிடிக்க வேண்டும், அல்லது நடுவே ஒரு சிறிய டிரான்ஸ்பார்மரை வைக்க வேண்டும்.

இது வேலை செய்யும் விதத்தை நண்பர் ஊஞ்சலைக் காட்டி விளக்குவார். ஊஞ்சலுக்கு அதன் கயிற்றின் நீளத்துக்கு ஏற்ற ஒரு சொந்தக் கதி உண்டு. அந்தக் கதியை அறிந்து ஒரு விரலால் தள்ளிக்கொண்டே இருந்தாலும் அது உத்தரத்தைத் தொடும் அளவுக்கு எழும். கதி தவறித் தள்ளினால் எத்தனை பலம் இருந்தும் பயனில்லை. காயிலும் கண்டென்சரும் சேர்ந்தது மின்சாரத்தின் ஊஞ்சல். கண்டென்சரின் தகடுகளை நகர்த்துவது கயிற்றின் நீளத்தை மாற்றுவது போன்றது. சென்னை வானொலியின் மத்திய அலை 720 கிலோ ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 7,20,000 முறை ஆடுவது. அலைக்கு அலை 417 மீட்டர் நீளம். ஏரியலில் ஒரே சமயத்தில் பல நிலையங்களின் அலைகள் மோதினாலும், நாம் அமைத்த கதிக்கு இசைந்த அலை ஒன்றே ஊஞ்சலை ஏற்றிவிடுகிறது. மற்றவை தள்ளிவிட்டுப் போய்விடுகின்றன. இத்தனை வேகமான ஆட்டத்தைக் காது உணராது. ஆட்டத்தின் ஒரு பாதியை மட்டும் ஒரு திசையில் விட்டு, மறுபாதியை டயோடு தடுத்துவிடுவதால், அலையின் மேல் ஏறி வந்த குரலின் ஏற்ற இறக்கம் மாத்திரம் ஹெட்போனின் தகட்டை அசைக்கிறது. அவ்வளவுதான் வானொலி.

இந்த டயோடின் பூர்வீகம் நம் தேசத்தோடு சம்பந்தப்பட்டது என்பதைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். 1895-இல் கல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலைகளால் தூரத்தில் இருந்த மணியை அடித்தும் வெடிமருந்தைக் கொளுத்தியும் காட்டிய ஜகதீச சந்திர போஸ், அலைகளை உணர்வதற்குக் காலீனா என்னும் ஈயக் கனிமத்தின் படிகத்தைப் பயன்படுத்தும் முறையைக் கண்டார். அதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1901-இல் கோரப்பட்டு 1904-இல் வழங்கப்பட்டது. தம் கண்டுபிடிப்புகளை விலைபேச விரும்பாத அவர், சிஷ்யர்களும் சிநேகிதர்களும் வற்புறுத்தியதன் பேரிலேயே அதற்கு இசைந்தார். பூனை மீசை என்று அழைக்கப்பட்ட மெல்லிய கம்பியின் நுனியால் படிகத்தைத் தடவித் தடவி, உணர்ச்சியுள்ள புள்ளி எங்கே இருக்கிறதென்று தேடி வானொலி கேட்ட தலைமுறை ஒன்று இருந்தது. கிரிஸ்டல் செட் என்ற பெயர் அந்தப் படிகத்தால் வந்தது. இரண்டாவது மகாயுத்தத்தில், 1944-இல் இத்தாலியின் அன்சியோ கரையில் பதுங்குகுழிகளில் கிடந்த சிப்பாய்கள் படிகமும் கிடைக்காமல், சவர பிளேடின் மேல் பென்சில் கரியை ஊன்றி அதே காரியத்தைச் சாதித்துக்கொண்டார்கள்.

அந்த டயோடை வாங்கப் போவதுதான் எங்கள் முதல் பயணம். மவுண்ட் ரோட்டை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைக்கு அருகில், ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும் சுற்றியுள்ள சந்துகளுமாகப் பரந்து கிடக்கும் மின்னணுச் சந்தையைத் தமிழ்நாட்டு ஆர்வலர் எவரும் அறியாமல் இருக்க முடியாது. 1985-இல் தீக்கிரையாகும் வரையில் மூர் மார்க்கெட்டின் பழஞ்சாமான் கடைகளும் இவர்களுக்கு ஒரு க்ஷேத்திரமாக இருந்தன. ரிச்சி தெருவின் முன்கடைகளில் இப்போது கைப்பேசி உறைகளும் காமிராக்களும் தொங்கினாலும், உள்ளே புகுந்தால், ஆளுக்கு ஒரு பலகை அகலமே உள்ள கடைகளில், சுவர் முழுதும் சின்னஞ்சிறு இழுப்பறைகளை அடுக்கி, எதில் எது இருக்கிறதென்று பார்க்காமலே கை நீட்டி எடுத்துத் தருகிற பெரியவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

"ஓ.ஏ. எழுபத்தொன்பது இருக்குதுங்களா?" என்று நண்பர் கேட்டார்.

"அது இப்ப வர்றதில்ல சார். ஒன் என் முப்பத்துநாலு இருக்கு, அதுவும் ஜெர்மேனியந்தான். ஆனா சூடு ரொம்ப வைக்காதீங்க, செத்துப்போயிடும்" என்றார் கடைக்காரர். இந்த ஒரு வாக்கியத்தில் இருந்த அனுபவ ஞானம் பாடப்புத்தகத்தின் ஓர் அத்தியாயத்துக்குச் சமம். ஈயமும் வெள்ளீயமும் கலந்த சோல்டர் 183 பாகை வெப்பத்தில் உருகத் தொடங்குகிறது. ஜெர்மேனியமோ சூட்டைத் தாங்காத பொருள். ஆகவே சோல்டரிங் செய்யும்போது டயோடின் காலைக் குறட்டால் பிடித்துக்கொண்டால், சூடு உள்ளே ஏறாமல் குறட்டில் இறங்கிவிடும். சொற்ப விலைப் பொருளைக் காப்பாற்றுவதற்காகக் கை பழகிக்கொள்ளும் இந்த நிதானம், பின்னால் எத்தனையோ காரியங்களுக்கு உதவுகிறது.

செட் தயாரானது. ஆனால் மாடியில் அதை மாட்டிக் கேட்டபோது, சென்னை நிலையம் தெளிவாகக் கேட்டதே தவிர, வேறெதுவும் வரவில்லை. மூன்று கால் உள்ள ஒரு சிறு ஐசியை வைத்து அவர் செய்திருந்த, இன்னும் கூர்மையான இரண்டாவது செட்டிலோ ஓயாத இரைச்சல். பக்கத்து வீட்டு எல்.ஈ.டி. பல்புகள், மின்விசிறியின் ரெகுலேட்டர், கைப்பேசி சார்ஜர், இன்வெர்ட்டர் ஆகிய ஒவ்வொன்றும் மின்சாரத்தை விநாடிக்குப் பற்பல முறை வெட்டி வெட்டி வேலை செய்வதால், தாம் அறியாமலே ஒவ்வொரு குட்டி ஒலிபரப்பியாகி, அலைவெளியைக் கூச்சலால் நிரப்புகின்றன. கையால் செய்த வானொலியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே ஏன் போக வேண்டும் என்ற கேள்விக்கு இதுவே விடை. நகரத்தின் வீட்டுக்குள் அந்தக் கருவிக்குக் காது கேட்பதில்லை.

நாங்கள் சென்ற பயணங்களில் என் மனத்தில் மிக ஆழமாகப் பதிந்திருப்பது பரங்கிமலைப் பயணம். நண்பரின் பேத்திக்கு அப்போது பன்னிரண்டு வயது. இரண்டாவது செட்டில் ஏரியலுக்குப் பதிலாக ஃபெரைட் ராடு என்னும் கருநிறக் காந்தக் கோல் இருந்தது. கோலை நிலையத்துக்குக் குறுக்காகப் பிடித்தால் ஒலி ஓங்கும். அதன் முனை நேராக நிலையத்தை நோக்கும்படி திருப்பினால் ஒலி திடீரென்று அடங்கிவிடும். ஒலிபரப்புக் கோபுரத்தைச் சுற்றி அலையின் காந்தக் கோடுகள் குளத்தில் கல்லெறிந்த வளையங்களைப் போல் பரவுகின்றன ஆதலால், கோபுரத்தையே நோக்கி நீட்டிய கோலின் வழியே ஒரு கோடும் ஓடுவதில்லை. ஓங்குவது எங்கே என்று காதுக்கு நிச்சயமாகத் தெரிவதில்லை. அடங்குவது எங்கே என்பது கத்தியால் கீறினாற்போல் தெரியும். ஆகவே திசை தேடுகிறவர்கள் ஓசையைத் தேடுவதில்லை, மௌனத்தைத் தேடுகிறார்கள்.

"தாத்தா, சத்தமே போயிடுச்சு!" என்று மலை உச்சியில் நின்ற குழந்தை கூவினாள்.

"அதுதாம்மா திசை. அப்படியே பிடிச்சுக்கோ, டிகிரியைப் பார்த்து எழுது" என்றார் அவர்.

திசைகாட்டி வடமேற்கைக் காட்டியது. ஆனால் கோலுக்கு முன் எது பின் எது என்று தெரியாது. நிலையம் வடமேற்கிலும் இருக்கலாம், அதற்கு நேர் எதிரான தென்கிழக்கிலும் இருக்கலாம். அதைத் தீர்மானிக்க இன்னோர் இடத்திலிருந்து பார்க்க வேண்டும். ஆகவே பரங்கிமலையிலிருந்து ரயிலேறிப் போய் மெரினாவில் நின்று மறுபடியும் கோலைத் திருப்பினாள். வீட்டுக்கு வந்து நகர வரைபடத்தின் மேல் ஸ்கேலை வைத்து இரண்டு கோடுகள் கிழித்தபோது, அவை ஆவடிக்கு அருகே ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. மறு ஞாயிறு ஆவடிக்கே போனோம். மரங்களுக்கு மேலே எழுந்து நின்ற கோபுரங்களைச் சாலையிலிருந்து பார்த்தபோது அந்தப் பெண்ணின் முகத்தில் தோன்றிய பரவசத்தை வர்ணிக்க என்னால் ஆகாது. வானொலி நிலையம் ஆவடியில் அலைபரப்புகிறது என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை, அவளே தன் கையில் இருந்த கோலைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். இந்தச் சோதனையைப் பகலில்தான் செய்ய வேண்டும். இரவில் வானத்திலிருந்து திரும்பி வரும் அலைகளும் கலந்துவிடுவதால் மௌனம் கலங்கிவிடும்.

இரண்டு இடங்களிலிருந்து திசை பார்த்து மூன்றாவது இடத்தைக் கண்டறியும் இந்த வித்தைக்குப் பரங்கிமலையைக் காட்டிலும் உரிய ஸ்தலம் வேறில்லை. இந்தியாவின் மாபெரும் முக்கோண நில அளவையை லாம்ப்டன் என்னும் அதிகாரி 1802-ஆம் வருஷம் தொடங்கியது இந்த மலையின் அடிவாரத்தில்தான். சுமார் ஏழரை மைல் நீளமுள்ள முதல் அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்து, அதிலிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாக இமயம் வரை சென்றது அந்த அளவை. துணிப்பையோடு நின்ற அந்தக் குழந்தை, அதே மலையில் அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

மெரினாவுக்கும் வானொலிக்கும் உள்ள உறவு வேறு விதமானது. இங்கிலாந்தில் பயின்று திரும்பிய பொறியாளர் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அவருடைய சகாக்களும் சேர்ந்து 1924-இல் சென்னை மாகாண வானொலிச் சங்கத்தை ஸ்தாபித்து, அவ்வருஷம் ஜூலை 31-ஆம் தேதி ஒலிபரப்பத் தொடங்கினார்கள். அரசாங்கத்தின் வானொலி இங்கே வருவதற்குப் பதினான்கு வருஷங்களுக்கு முன்பு, முழுக்க முழுக்க ஆர்வலர்களின் பிரயாசையால் நடந்த காரியம் அது. 1927-இல் பண முடையால் அது நின்றுபோக, சங்கத்தார் கருவிகளைச் சென்னை நகரசபையிடம் ஒப்படைத்தார்கள். நகரசபை 1930 ஏப்ரல் 1-ஆம் தேதி முதல் ஒலிபரப்பை நடத்தி, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்து ஜனங்களுக்குச் சங்கீதம் கேட்கச் செய்தது. 1938 ஜூன் 16-ஆம் தேதி அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தபோது நகரசபை அந்தப் பணியிலிருந்து விலகிக்கொண்டது. மாலை வேளையில் மெரினா மணலில் உட்கார்ந்து கையால் செய்த வானொலியைக் கேட்கிற ஒருவன், தன் ஊரின் சரித்திரத்தைத்தான் தொடர்ந்து நடத்துகிறான். கடலோரத்துக்கு இன்னொரு விசேஷமும் உண்டு: உப்புநீர் மின்சாரத்தை நன்கு கடத்துவதால், மத்திய அலை நிலத்தைவிடக் கடலின் மேல் வெகுதூரம் தேயாமல் செல்லும். நம் கீழைக் கடற்கரை ஊர்களில் ஒரு தலைமுறை முழுவதும் இலங்கை வானொலியைப் பக்கத்துத் தெருக் குரலைப்போல் கேட்டு வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஏலகிரிக்கு நாங்கள் போனது ஒரு மார்கழி மாதம். கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், இரண்டு மரங்களுக்கிடையே கம்பியைக் கட்டிவிட்டு, சூரியன் மறைவதற்காகக் காத்திருந்தோம். பகலில் பூமிக்கு மேல் 60 முதல் 90 கிலோமீட்டர் உயரத்தில் வெயிலால் உருவாகும் ஓர் அயனிப் படலம் மத்திய அலைகளை உறிஞ்சிவிடுகிறது. வெயில் சாய்ந்ததும் அந்தப் படலம் கரைந்து, அதற்கும் மேலே உள்ள படலங்கள் கண்ணாடி போல் அலைகளைப் பூமிக்குத் திருப்பி அனுப்புகின்றன. புத்தகத்தில் இதைப் படித்திருக்கிறேன். ஆயினும் மலையில், இருள் கவியக் கவிய, பகலெல்லாம் வெறுமையாக இருந்த இடங்களில் முதலில் திருச்சி 936, பிறகு ஏதோ தெலுங்கு, பிறகு மலையாளம், அதன் பிறகு எங்களுக்குப் புரியாத ஏதோ ஒரு பாஷை என்று, விளக்குகள் ஏற்றப்படும் ஊரைப்போல் நிலையங்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டதைக் கேட்டபோதுதான் அது எனக்கு உண்மையாகப் பட்டது. குளிரில் போர்வையைப் போர்த்திக்கொண்டு இரவு பதினொரு மணி வரை உட்கார்ந்திருந்தோம். நடுவே சடசடவென்று ஒரு வெடிப்போசை கேட்டுக்கொண்டே இருந்தது. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. எங்கோ தூரத்தில் இடித்துக்கொண்டிருக்கும் மழையின் மின்னல் அது என்றார் நண்பர். கண்ணுக்கு எட்டாத இடியையும் மத்திய அலை வானொலி கேட்டுவிடும்.

கேட்பதோடு நில்லாமல் பேசவும் விரும்புகிறவர்களுக்கு அமெச்சூர் வானொலி என்னும் அடுத்த படி இருக்கிறது. மத்திய அரசின் தகவல் தொடர்பு அமைச்சகம் நடத்தும் பரீட்சையில் தேறினால், 12 வயது நிறைந்த எவரும் உரிமம் பெற்று, வி.யூ. என்று தொடங்கும் அழைப்புக்குறியோடு உலகத்தோடு பேசலாம். ஹாம் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் இவர்களும் பயணப் பிரியர்களே. மலைக்கும் தீவுக்கும் கருவிகளைத் தூக்கிச் செல்வது அவர்கள் மரபு. அப்படி ஒரு பயணமாகத்தான் பாரதி பிரசாத் என்னும் பெண்மணி, நெடுங்காலம் முயன்று பெற்ற அனுமதியோடு, 2004 டிசம்பரில் சகாக்களுடன் அந்தமானுக்குச் சென்றிருந்தார். டிசம்பர் 26 காலையில் பூமி அதிர்ந்து கடல் பொங்கித் தொலைபேசிகள் மடிந்தபோது, போர்ட் பிளேரில் அந்தப் பொழுதுபோக்காளர்கள் கையில் இருந்த வானொலி, தீவுகளின் துயரத்தை வெளியே சொல்லவும், உறவினர்களின் க்ஷேமத்தை விசாரித்துச் சொல்லவும் உதவியது.

இப்போது என் கவலையைச் சொல்கிறேன். அண்மைக் காலத்தில் வானொலி நிர்வாகம் மத்திய அலை ஒலிபரப்பிகள் பலவற்றை நிறுத்திவிட்டது. பண்பலையும் எண்முறை ஒலிபரப்பும் தெளிவானவை. செலவும் குறைவாக இருக்கலாம். ஆனால் இத்தகைய எளிய கிரிஸ்டல் செட்டால் அவற்றைக் கேட்க இயலாது. ஒரு குழந்தை ஐம்பது சுற்றுக் கம்பியையும் ஒரு டயோடையும் வைத்துக்கொண்டு, மின்கலமே இல்லாமல் ஒரு மனிதக் குரலை ஆகாயத்திலிருந்து இறக்கிக் கேட்கக்கூடிய மிக எளிய வழி மத்திய அலைதான். மாநிலத்துக்கு ஒரு நிலையமாவது அந்த அலையில் தொடர்ந்து பேச வேண்டும் என்று அதிகாரிகளை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்களுக்கு ஒரு விண்ணப்பம். வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக் குழந்தையோடு ஒரு கிரிஸ்டல் செட் செய்து பாருங்கள். ஏரியல் கம்பியை மின்சாரக் கம்பிகளுக்கு அருகில் கட்டாதீர்கள். வீட்டு மின்சார பிளக்கை எர்த்தாக ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். இடிமழை வரும் அறிகுறி தெரிந்தால் முன்கூட்டியே ஏரியலைக் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள். எனாமல் கம்பியைத் தேடிச் சென்னைக்கு வர வேண்டியதில்லை. உங்கள் ஊரில் மோட்டார் காயில் கட்டும் கடையில் 28 கேஜ் என்று கேட்டால் எடை போட்டுத் தருவார்கள். 50 கிராம் வாங்கினால் நான்கு காயில் சுற்றலாம்.